அமரர் இரத்தினம்மா ஞாபகார்த்தக் காப்புப்பிரதி

பரமலிங்கத்தின் வீட்டுக் கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருமத் தொடங்கியது. இருமல் என்றுதான் அவர் சொன்னார். பெட்டிக்குள்ளிருந்து கடக், கடக், கடக் என்று மூன்று தரம், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகும் ஒரு கடக். இருபத்தாறு வருசம் பஸ் டிப்போவில் ரைம் கீப்பராக இருந்த மனுசன். எந்த பஸ் வாசலைத் தாண்டும், எது தாண்டாது என்பதைச் சத்தத்திலேயே சொல்லக் கூடியவர்.

"இது கன தூரம் போகாது," என்றார் மனைவி உதயகலாவிடம்.

கொழும்புத்துறையில் கணினி திருத்துகிற கிறிஸ்ரோபர் வந்து, பெட்டியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டான்.

"ஐயா, ஹாட் டிஸ்க் முடியப் போகுது. இன்னும் ஒரு நாலு தரம் எழும்பும். அதுக்கு மேலை நான் பொறுப்பில்லை. இப்ப நிப்பாட்டி வையுங்கோ. வெளியிலை கொழுவுற டிஸ்க் ஒண்டு வாங்கிக்கொண்டு கூப்பிடுங்கோ. ஒருக்காப் போட்டு, உள்ளை கிடக்கிற எல்லாத்தையும் அதுக்குள்ளை இழுத்தெடுத்துப்போட்டுப் பேந்து ஆளை அடக்கம் செய்வம். முக்கால் மணித்தியால வேலை."

உள்ளே கிடந்தது பெரிய பொக்கிசம் ஒன்றுமில்லை. காணி உறுதியின் படம், பென்சன் கடிதங்கள், கோயில் தேர்த் திருவிழாப் படங்கள். அதோடு பரமலிங்கம் இணையத்தில் குறித்து வைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அவற்றில் முந்நூற்றொன்பது மரண அறிவித்தல்கள். தினமும் காலைத் தேத்தண்ணியோடு அவர் மரண அறிவித்தல் பார்ப்பார். தெரிந்த ஆள் என்றால் அந்தப் பக்கத்தைக் குறித்து வைப்பார். வாசலைத் தாண்டின பஸ்ஸைக் குறிக்காமல் விடுவது அவருக்குச் சரிவராத காரியம்.

இவையெல்லாம் போனாலும் பரவாயில்லை. போகக் கூடாதது நிவேதனாவின் கடிதங்கள்.

மகள் நிவேதனாவுக்கும் செந்தூரனுக்கும் பதிவுத் திருமணம் நடந்து ஒன்றே முக்கால் வருசம். செந்தூரனுக்குக் கனடாவின் வட அந்தத்தில், பனிக்குள் ஒரு சுரங்கத்தில் வேலை. அங்கே கைத்தொலைபேசி எடுபடாது. முகாமில் பொதுவாக ஒரு கணினி. அதில் மின்னஞ்சல் மட்டும் போகும், வரும். அதையும் முப்பது நாளுக்கு ஒருதரம் முகாம்காரர் துடைத்து விடுவார்கள். இந்தப் பக்கத்தில் நிவேதனாவின் மின்னஞ்சல், எந்தக் காலத்திலோ ஒருவர் பூட்டித் தந்த ஏற்பாட்டின்படி, வருகிற கடிதத்தை வீட்டுக் கணினிக்குள் இழுத்துக்கொண்டு, வந்த இடத்தில் இருந்ததை அழித்துவிடும். ஆக, அறுநூற்று நாற்பது கடிதங்களும் உலகத்திலேயே அந்த இருமுகிற பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

விசா நேர்முகம் வருகிற இருபத்தேழாம் திகதி கொழும்பில். 'உங்கள் திருமண உறவு மெய்யானது என்பதைக் காட்டும் கடிதத் தொடர்புகளைக் கொண்டு வரவும்' என்று அழைப்பில் தடித்த எழுத்தில் இருந்தது.

"அப்ப அந்த டிஸ்க் போச்செண்டால்?" என்று உதயகலா கேட்டாள்.

"நான் கலியாணம் கட்டாத ஆள், அம்மா," என்றாள் நிவேதனா.

பரமலிங்கம் அப்போதே சைக்கிளை எடுத்தார். ரவுணுக்குப் போய் டிஸ்க் வாங்கி, பின்னேரத்துக்குள் விசயத்தை முடித்துவிடுவது அவருடைய திட்டம். ஒழுங்கை முடிவில் புளியடி வைகறை சனசமூக நிலையத்துக்கு முன்னால் செயலாளர் றஞ்சித் நின்றான். "எங்கை அண்ணை, அவசரமாய்?" என்று கேட்டான். பரமலிங்கம் மரியாதைக்கு சைக்கிளை நிற்பாட்டி உள்ளதைச் சொன்னார்.

பிழைத்த இடம் அதுதான்.

வைகறை சனசமூக நிலையத்தைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். அங்கே பேர் எழுதாத பொருள் கிடையாது. மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஓர் அமரருடைய பேர். சுற்றத் தொடங்கினால் மூன்று அமரரும் ஒருவராகிவிடுவார்கள். தண்ணீர் வடிகட்டி ஒருவருடைய தகப்பனார். சுவர் மணிக்கூடு ஒருவருடைய மாமியார், அது எட்டு வருசமாக ஓடவில்லை. கதிரையில் சாய்ந்தால் யாரோ ஒருவருடைய சித்தப்பாவில்தான் சாய வேண்டும். வெளிநாட்டுக் கிளைகள் கொடுப்பதும், பேர் எழுதுவதும், விழா வைப்பதுமாக நிலையம் நாற்பது வருசமாகக் களைப்பில்லாமல் இயங்கி வந்தது.

"ஐயோ அண்ணை, நீங்கள் கடையிலை போய் வாங்குறதோ?" என்று றஞ்சித் சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டான். "ஸ்காபரோக் கிளை இராசதுரை அண்ணை போன கிழமைதான் கேட்டவர், தாயின்ரை ஆண்டுத் திவசத்துக்கு நவீனமாய் ஏதேன் செய்யவேணும் எண்டு. 'இல்லக் கணினிக் காப்புப்பிரதித் திட்டம்.' பேர் எப்பிடி? முதற் பயனாளி நீங்கள்!"

"தம்பி, எனக்கு ஒரு டிஸ்க்தான் வேணும்."

"அதைத்தான் அண்ணை நானும் சொல்லுறன்."

ஸ்காபரோ இராசதுரை செந்தூரனுடைய பெரியப்பா. வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் உதயகலா தலையில் கைவைத்தாள்.

"சம்பந்தி பகுதியப்பா! வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? பேந்து அங்கை போய் இருக்கப் போற எங்கடை பிள்ளையெல்லே கதை கேக்கவேணும்."

அடுத்த நாள் றஞ்சித் விண்ணப்பப் படிவம் கொண்டு வந்தான். மூன்று பிரதி நிரப்ப வேண்டும். பரமலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'பயனாளியின் வளவில் கொட்டில் உண்டா? தீவனத்துக்கு என்ன ஏற்பாடு? தடுப்பூசி போடச் சம்மதமா?'

"றஞ்சித், இது ஆட்டுக்கெல்லோ?"

"ஓம் அண்ணை, ஆடு வழங்கல் திட்டத்துக்கு அடிச்ச படிவம். கணக்காய்வாளர் ஏற்றுக்கொண்ட ஒரே படிவம் இதுதான். புதுசு அடிக்கிறதெண்டால் பொதுச்சபை கூட வேணும். ஆடு எண்டு வாற இடத்திலை டிஸ்க் எண்டு நினைச்சு நிரப்புங்கோ."

ஏழாம் பிரிவு: 'வழங்கப்படுவது ஒரு வருடத்துக்குள் ஈனும் முதற் குட்டியை நிலையத்துக்கு ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்.' பரமலிங்கம் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையெழுத்து வைத்தார். மூன்று தரம்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் கந்தப்பு கள ஆய்வுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். நிலையத்துக்குப் பத்தொன்பது வருசமாகத் தலைவர். ஏனென்றால், புதிய தலைவரைத் தெரிய வேண்டிய கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை தாங்குவார்.

"கோப்புகள் உண்மையிலை இருக்குதோ எண்டு நிலையம் கண்ணாலை பாக்கவேணும், பரமலிங்கம். போடும்."

"அண்ணை, இன்னும் நாலு தரம்தான் எழும்புமெண்டு கிறிஸ்ரோபர் சொன்னவன்."

"இது ஒண்டுதானே. பேந்தும் மூண்டு கிடக்கு. உமக்கு என்ன குறை?"

கணினி இருமிக்கொண்டு எழும்பியது. கந்தப்பர் கடிதப் பட்டியலைப் பார்த்தார். ஒன்றைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார். கதிரையை இழுத்து வடிவாக இருந்துகொண்டார். அரை மணித்தியாலம் ஆளைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும், அப்படி மூழ்கிப் போனார்.

"அண்ணை, அது பிள்ளையின்ரை தனிப்பட்ட கடிதங்கள்," என்றார் பரமலிங்கம்.

"தனிப்பட்டது எண்டபடியால்தான் காப்பாத்த வேணும். பொதுவானதை ஆர் காப்பாத்துறது? எங்கடை நிலையத்திலை பொதுவானது எது மிஞ்சினது எண்டு உமக்குத் தெரியும்தானே."

பரமலிங்கம் பழைய டிப்போக் கொப்பியில் எழுதிக்கொண்டார்: 'முதலாம் தடவை. 10.20 வெளிக்கிட்டது.'

இரண்டாம் தடவை முகநூலுக்குப் படம் எடுப்பதற்காக எழும்பியது. 'பயனாளி, தன் பழுதான கணினியுடன்.' பரமலிங்கத்தைச் சிரிக்க வேண்டாம் என்று சொன்னார்கள். சிரித்தால் ஸ்காபரோவில் இரக்கம் வராதாம். மூன்றாம் தடவை விழா ஒத்திகைக்கு.

விழா பதினெட்டாம் திகதி என்று தீர்மானமானது. நிலையத்துக்குத் தெரிந்த நிகழ்ச்சி நிரல் ஒன்றே ஒன்றுதான். அது முப்பது வருசத்துக்கு முந்தி ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போட்டது. அதற்குப் பிறகு தண்ணீர்த் தாங்கி திறந்தாலும், தையல் மெசின் கொடுத்தாலும், அதே நிரல்தான்: மங்கல விளக்கேற்றல், தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், நயப்புரை, ஏற்புரை. தண்ணீர்த் தாங்கிக்கு நயப்புரை சொன்ன நாளில் கந்தப்பர் தண்ணீரின் சுவையைப் பற்றி நாற்பது நிமிடம் கதைத்தவர்.

டிஸ்க்கும் வந்து சேர்ந்தது. உள்ளங்கை அளவு சாமான். அதில் 'அமரர் இரத்தினம்மா ஞாபகார்த்தமாக மகன் இராசதுரை குடும்பத்தினரின் அன்பளிப்பு, ஸ்காபரோ, கனடா' என்பதை எழுத இடம் போதவில்லை. பெயின்ற்காரர் இரண்டு தரம் முயன்று கைவிட்டார். கடைசியில் இரண்டடிக்கு மூன்றடி பிளைவூட் பலகை ஒன்று எடுத்து, நடுவில் டிஸ்க்கை நாலு ஆணியும் பசையும் போட்டு இறுக்கி, மேலே இரத்தினம்மாவின் படம், கீழே பேர், சுற்றிவரச் சரிகைக் கடதாசி. டிஸ்க்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கேபிள் கொழுவுகிற ஓட்டைக்குள் கொஞ்சம் சந்தனம் போய்விட்டது. அதைக் கிறிஸ்ரோபர் ஊசியால் கிண்டி எடுத்தான்.

"ஐயா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்றான் அவன் மெதுவாக. "என்னட்டை ஒரு பழைய டிஸ்க் கிடக்கு. இப்ப வீட்டிலை வைச்சு எடுத்துப்போட்டு விடுவம். விழா தன்ரை பாட்டுக்கு நடக்கட்டும்."

பரமலிங்கத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் கணினியை றஞ்சித் முதல்நாளே நிலையத்துக்குக் கொண்டுபோய், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தான். 'விழாவுக்கு முன்னர் காப்புப்பிரதி எடுக்கப்பட்டால் விழா செல்லுபடியாகாது' என்று ஒரு தீர்மானமும் இருந்தது. முன்மொழிந்தவர் கந்தப்பு, வழிமொழிந்தவர் கந்தப்பு, சபை ஏகமனதாக ஏற்றது.

பதினெட்டாம் திகதி மூன்று மணி என்று அழைப்பிதழ் சொன்னது. ரைம் கீப்பர் இரண்டு ஐம்பத்தைந்துக்குப் போய் முன்வரிசையில் இருந்தார். கணினி மேடையில் பட்டுத்துணிக்கு மேல் ஏற்கனவே எழுப்பப்பட்டிருந்தது. 'நாலாம் தடவை. 2.40.' பின்னால் பெரிய திரை. கமராக்காரன் ஜெரிசன் மூன்று கமராவும் ஒரு ட்ரோனும் கொண்டு வந்திருந்தான். ட்ரோன் மண்டபத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பறந்து கிழவிகளின் கொண்டையைக் கலைத்தது. பிரதம விருந்தினர் நாலு இருபதுக்கு வந்தார். அவ்வளவு நேரமும் கணினி இருமிக்கொண்டு இருந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் நிவேதனா தகப்பனின் கையைப் பிடித்தாள்.

முதலில் ஸ்காபரோவிலிருந்து இராசதுரை திரையில் நேரலையாக வந்தார். அங்கே விடியற்காலை. தடித்த கோட் போட்டு, ரை கட்டியிருந்தார். தாயாரைப் பற்றிக் கதைக்க வந்தவர், தான் ஊரை விட்டு வெளிக்கிட்ட கதை, வழியில் பாஸ்போட் துலைந்த கதை, முதல் வேலை, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று நாற்பத்தெட்டு நிமிடம் கதைத்தார். தாயார் கடைசி நிமிடத்தில் வந்தார்.

பிறகு கந்தப்பர் எழும்பினார். மாதிரிக்குச் சில கோப்புகளைச் சபைக்குக் காட்டுவதாகச் சொல்லி, பரமலிங்கம் குறித்து வைத்த பக்கங்களின் பட்டியலைத் திரையில் விட்டார். மரண அறிவித்தல்கள் வரிசையாகப் போயின. சபையில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு 'ஐயோ, நல்ல மனுசன்' எழுந்தது. முந்நூற்றொன்பதுக்குப் பிறகு மூன்று செய்திகள். 'வைகறை வாசிகசாலைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டல், 2013.' 'வைகறை வாசிகசாலைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டல், 2016.' அடுத்தது 2019.

வாசிகசாலை நிற்க வேண்டிய இடத்தில் இப்போதும் ஒரு மாடு கட்டியிருந்தது.

"பாருங்கோ," என்றார் கந்தப்பர், கொஞ்சமும் தளராமல். "ஒரே கட்டடத்துக்கு மூண்டு அடிக்கல். அத்திவாரம் எவ்வளவு பலமாய் இருக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. வேறை எந்த நிலையத்துக்கு இந்தப் பெருமை கிடக்கு?"

கைதட்டினார்கள்.

"அடுத்தது நயப்புரை. கோப்புகளின்ரை உள்ளடக்கத்தைச் சுவைக்காமல் அவற்றைக் காப்பாத்துறது, சோத்தைத் தின்னாமல் பானையைக் கழுவுற மாதிரி."

பரமலிங்கம் பாதி எழும்பினார். அதற்குள் திரையில் கடிதம் வந்துவிட்டது. பதின்மூன்று அடி உயரத்துக்கு, திகதியோடு, செந்தூரனின் பேரோடு.

கந்தப்பர் வாசித்தார். "'இண்டைக்கு சைபருக்குக் கீழை முப்பத்தெட்டு. மூக்குக்குள்ளை மயிர் உறைஞ்சு போச்சு. உம்மை நினைச்சன்.' சபையோரே, கவனியுங்கோ. தலைவன் சந்திரனைக் கண்டு நினைக்கேல்லை. மல்லிகையைக் கண்டு நினைக்கேல்லை. மூக்கு மயிர் உறைஞ்ச கணத்திலை தலைவியை நினைக்கிறான். இது பிரிவைச் சொல்லுறபடியால் பாலைத்திணை. ஆனால் பாலையிலை பனி கொட்டுது! இலக்கணத்துக்கே இது ஒரு சோதனை."

அடுத்த கடிதம் நிவேதனாவுடையது. "'கவனமாய் இருங்கோ, மூக்கை உரஞ்சாதேங்கோ. இஞ்சை கத்தரிக்காய்க் குழம்பு. அம்மா உப்பை ரண்டு தரம் போட்டிட்டா. அப்பா ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டார். நீங்களும் அப்பிடி இருப்பீங்களோ?'"

"எப்ப நான் ரண்டு தரம் போட்டனான்?" என்று பெண்கள் பக்கமிருந்து உதயகலாவின் குரல் கேட்டது.

"தாயின் இடையீடு," என்று கந்தப்பர் சேர்த்துக்கொண்டார். அடுத்ததைத் திறந்தார். "'உங்கடை பெரியப்பா நேற்று போன் எடுத்தவர். ஒரு மணித்தியாலம். அவர் கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டுற சுவிச் எந்தப் பக்கத்திலை இருக்கு?'"

வாசித்து முடித்த பிறகுதான் கந்தப்பருக்குப் பெரியப்பா யாரென்று விளங்கியது. திரையின் மூலையில் இராசதுரை இன்னும் நேரலையில் இருந்தார். மண்டபம் முழுக்க அந்த மூலையைப் பார்த்தது.

"அம்மாவும் உதைத்தான் சொல்லுறவ," என்றார் இராசதுரை. "'சுவிச் இல்லாத றேடியோ' எண்டு." பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அன்றைய விழாவில் அமரர் இரத்தினம்மா ஞாபகத்துக்கு வந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

கந்தப்பர் அதோடு நிறுத்தவில்லை. இன்னும் ஒன்பது கடிதம் வாசித்தார். பிறகு தலைப்புகளின் நயம் என்று சொல்லி, அறுநூற்று நாற்பது கடிதத்தின் பட்டியலையும் மேலிருந்து கீழ்வரைக்கும் பதினைந்து நிமிடமாக உருட்டினார்.

நிவேதனா எழும்பி மேடைக்குப் போனாள். ஒலிவாங்கியை வாங்கினாள்.

"போதும் மாமா. அது எங்கடை கடிதம். நீங்கள் நயக்கிறதுக்கு எழுதினதில்லை. இருபத்தேழாம் திகதி உதைக் கொண்டுபோகாட்டில் நான் அவரிட்டைப் போகேலாது. அந்தப் பெட்டி எந்த நேரம் சாகுமெண்டு தெரியாது. தயவுசெய்து முதலிலை அதை எடுங்கோ." சொல்லி முடிக்க முதல் அழுதுவிட்டாள்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

"மிகச் சிறந்த ஏற்புரை," என்றார் கந்தப்பர். "நிரலிலை கடைசியாய் வரவேண்டியது. பரவாயில்லை."

ஒருவழியாக ஆறு ஐந்துக்குப் பிரதம விருந்தினர் சுபநேரத்தில் சொடுக்கினார். நாதஸ்வரமும் தவிலும் கெட்டி மேளம் கொட்டின. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊரத் தொடங்கியது. 'மீதி: 43 நிமிடம்.' பிரதம விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு ஆறரைக்கு அச்சுவேலியில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்தது.

"முதற்பிரதி வழங்கல்!" என்று அறிவித்தார் கந்தப்பர். றஞ்சித் கேபிளை இழுத்தெடுத்தான்.

"இழுக்காதேங்கோ! இழுக்காதேங்கோ!" என்று பின்னாலிருந்து கிறிஸ்ரோபர் கத்திக்கொண்டு ஓடி வந்தான். தவிலுக்கு மேலால் அது கேட்கவில்லை. பலகை கைமாறியது. படம் எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தார்கள். ஒலிபெருக்கிக்காரருக்கு ஒரு பிளக் தேவைப்பட்டது, கணினியின் வயரைக் கழற்றினார்.

சனம் கலைந்த பிறகு பரமலிங்கமும் கிறிஸ்ரோபரும் கணினியைத் திரும்பப் போட்டார்கள். ஒரு கடக். அவ்வளவுதான். பரமலிங்கம் கொப்பியை எடுத்தார். '6.50. வெளிக்கிடவில்லை.' எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பலகை மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. கிறிஸ்ரோபர் அதைத் தன்னுடைய மடிக்கணினியில் கொழுவிப் பார்த்தான்.

"நீங்கள் குறிச்சு வைச்ச பக்கங்கள் முழுக்க வந்திருக்கு, ஐயா. முந்நூற்றுப் பன்னிரண்டும். கடிதம் ஒண்டும் இல்லை. செத்தவை எல்லாரும் இருக்கினம். உயிரோடை இருக்கிற ரண்டு பேரைத்தான் காணேல்லை."

"மிச்ச இடம் முழுக்க என்ன கிடக்கு?"

மிச்சம் முழுக்க விழா. மூன்று கமராவும் ஒரு ட்ரோனும் எடுத்த நாலு மணித்தியாலம். தொலைபேசியில் கேட்டதற்கு ஜெரிசன் சொன்னான்: "என்ரை கமரா மெமரிக் காட்டிலை இடமில்லை அண்ணை, அடுத்த நாள் கலியாண வீடு. கிட்டடியிலை கிடந்தது அந்த டிஸ்க்தான். ஏத்திப்போட்டுக் காட்டை அழிச்சிட்டன். ஸ்காபரோவுக்குக் காட்ட வேண்டினதும் உதுதானே."

பரமலிங்கம் நிலையத்துக்கு நடந்தே போனார். கந்தப்பர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 'திட்டம் நூறு வீதம் வெற்றி.'

"கடிதம் ஒண்டும் இல்லை, அண்ணை. என்ரை பிள்ளை வெறுங்கையோடை நிக்கிறாள்."

"பரமலிங்கம், திட்டத்தின்ரை குறிக்கோளை வாசியும். காப்புப்பிரதி *வழங்கல்*. வழங்கியாச்சோ இல்லையோ? எடுக்கிறது ரண்டாம் கட்டம். அதுக்கு இன்னும் அனுசரணையாளர் கிடைக்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. நிவேதனா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதயகலா மட்டும் கிறிஸ்ரோபரைக் கூப்பிட்டு விழாப் படத்தைப் போடச் சொன்னாள். அவளுக்கு ஒரு கணக்குத் தீர்க்கக் கிடந்தது.

"அந்த உப்புக் கடிதத்தை ஒருக்காக் காட்டும், தம்பி. என்ன திகதி? சொல்லிப்போட்டன், அண்டைக்கு நான் சமைச்சிருக்க மாட்டன், அவர்தான் சமைச்சிருப்பார்."

கிறிஸ்ரோபர் ஓட்டினான். கந்தப்பரின் தலைக்குப் பின்னால் திரை. "நிப்பாட்டும்! பெருப்பியும்!" என்றாள் உதயகலா. பெருப்பித்தான். திகதி, நேரம், அனுப்பினவர் பேர், குழம்பு, உப்பு, எல்லாம் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தன. ஜெரிசனின் கமரா நல்ல கமரா.

"ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை," என்று உதயகலா வாசித்தாள். "ஓம், நான்தான் சமைச்சனான்." பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "பிள்ளை! எழும்பி ஓடிவா! இஞ்சை உன்ரை கடிதமெல்லே கிடக்கு!"

கந்தப்பர் வாசித்த பன்னிரண்டு கடிதமும் கிடந்தன. அவர் பதினைந்து நிமிடமாக உருட்டின பட்டியலும் கிடந்தது. அறுநூற்று நாற்பது வரியும், திகதியோடு, ஒன்று பிசகாமல்.

கொழும்புக்கு வெளிக்கிட முதல் கிறிஸ்ரோபர் ஒரு பென் ட்ரைவ்வில் அந்தப் பகுதியைப் பிரதி எடுத்தான். "ஒண்டு பிழைச்சாலும் ஒண்டு கையிலை கிடக்கட்டும், ஐயா." பரமலிங்கம் நேரம் பார்த்தார். பதினொரு நிமிடம். விளக்கு ஏற்றவில்லை. யாரும் உரையாற்றவில்லை. அன்றிலிருந்து அந்தப் பென் ட்ரைவ் பரமலிங்கத்தின் சட்டைப் பைக்குள்தான் கிடந்தது.

டிஸ்க்கைப் பலகையிலிருந்து கழற்ற முடியவில்லை. பசை அப்படி. ஆகவே இரத்தினம்மாவும் கொழும்புக்குப் போனார். பஸ்ஸில் மாலை போட்ட படத்தோடு பலகையைக் கண்ட ஒருவர், செத்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்து எழும்பி இடம் விட்டார்.

நேர்முக அலுவலர் ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அலுவலர் பலகையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். ஆதாரம் எங்கே என்று கேட்டார். நிவேதனா டிஸ்க்கைக் காட்டினாள்.

ஒரு மணியும் பத்து நிமிடமும் பார்த்தார்கள். மூக்கு மயிருக்கு அலுவலர் ஒருதரம் இருமினார். 'நிப்பாட்டுற சுவிச்'சுக்கு மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க முடியாமல் மேசைக்குக் கீழே எதையோ தேடினார். நிவேதனா மேடையேறி அழுத இடத்தில் அலுவலர் படத்தை நிறுத்தினார்.

"இந்தக் கடிதங்களை உங்கள் இருவரையும் தவிர வேறு யார் பார்த்தார்கள்?"

"முழு ஊரும் பாத்தது."

"கணவரின் குடும்பம்?"

"நேரலையிலை."

அலுவலர் கோப்பில் எதையோ எழுதினார். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை மிகக் கவனமாகத் தமிழில் சொன்னார்: "இப்படியொரு அவமானத்தை விசாவுக்காக ஒருவரும் சோடிக்க முடியாது என்று சொல்கிறார்."

ஆதாரத்தைக் கோப்போடு சேர்த்துக்கொண்டார்கள். திருப்பித் தருகிற வழக்கம் இல்லையாம். பலகையைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தார்கள்.

ஐந்து கிழமையில் விசா வந்தது. நிவேதனா பயணமாகி, போய்ச் சேர்ந்து, மூக்குக்குத் துணி சுற்றிக்கொண்டு நிற்கிற படமும் அனுப்பிவிட்டாள். அதற்கு அடுத்த கிழமை கந்தப்பரும் றஞ்சித்தும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். கையில் மாலை.

"நிலையத்தின்ரை திட்டத்தாலை விசா கிடைச்ச முதல் பிள்ளை," என்றார் கந்தப்பர் கதிரையில் இருந்தபடி. "சாதனை விழா ஒண்டு வைக்கிறம். இலண்டன் கிளையும் பரிஸ் கிளையும் தங்களுக்கும் ஒவ்வொரு டிஸ்க் வேணுமெண்டு நிக்கினம். இராசதுரை நடந்த விழாவின்ரை படத்தை அனுப்பச் சொல்லிக் கேக்கிறார். அதைப் பாத்துத்தான் மற்றவை முடிவெடுப்பினம். அந்தப் பலகையை ஒருக்கா எடும், பாப்பம்."

"பலகை கொழும்பிலை, அண்ணை. விசாக் கந்தோர்க் கோப்புக்குள்ளை. திரும்பி வராது."

கந்தப்பர் றஞ்சித்தைப் பார்த்தார்.

"ஜெரிசன் அப்பவே அழிச்சிட்டான்," என்றான் றஞ்சித் மெதுவாக. "நேரலையை ஒருத்தரும் பதியேல்லை."

"அப்ப விழா நடந்ததுக்கு எங்களிட்டை ஒரு ஆதாரமும் இல்லையோ?" கந்தப்பர் கதிரையை விட்டு எழும்பினார். "நாலு மணித்தியாலம்! என்ரை நயப்புரை! இவ்வளவு பேர் இருந்து, ஒருத்தருக்காவது அதிலை ஒரு பிரதி எடுத்து வைக்கவேணுமெண்ட புத்தி வரேல்லையோ?"

உதயகலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கந்தப்பர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சீனிக்குப் பதிலாக எது விழுந்திருந்தது என்று அவர் கேட்கவில்லை.

றஞ்சித் பைக்குள்ளிருந்து படிவத்தின் ஒரு பிரதியை எடுத்தான். திடீரென்று அவனுடைய முகம் வெளித்தது. விரலை வைத்து வாசித்தான்.

"அண்ணை, ஏழாம் பிரிவு! 'ஒரு வருடத்துக்குள் ஈனும் முதற் குட்டியை நிலையத்துக்கு ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்.' நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள். அந்த டிஸ்க்கிலை இருந்து ஏதேன் பிரதி, கிரதி எடுத்தனீங்களோ?"

இருவரும் பரமலிங்கத்தின் வாயைப் பார்த்தார்கள். பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், படிவத்தை வாங்கி ஏழாம் பிரிவை முழுக்க வாசித்தார். தன் கையெழுத்தையும் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"இன்னும் ஈனேல்லை, தம்பி," என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.